காம்போடு வாங்குங்கள்: மொத்தச் சந்தை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சந்தை நிர்வாகத்தினருக்கும் கொள்முதல் செய்யும் தவுக்கேமார்களுக்கும் (முதலாளிமார்களுக்கும்), வணக்கம்.

எடைமேடைக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தோம். இனிமேல் சில்லி பாடி என்னும் காரமான பொடி மிளகாய் காம்பு கிள்ளி, கழுவி, ஒரு கிலோ பையில் இறுகக் கட்டி வரவேண்டுமாம். காம்போடு வந்தால் கிலோவுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கழிவு. போன வாரம் எங்கள் பேராக் மாநிலத்திலிருந்து வந்த லோரியில் பாதிச் சரக்குக்கு இந்தக் கணக்குதான் போடப்பட்டது. எங்கள் கோரிக்கை ஒன்றே: காம்போடு வாங்குங்கள்.

சில்லி பாடி ஒரு காய் ஒரு கிராமுக்கு முன்பின் இருக்கும். கிலோவுக்கு ஆயிரம் காய் என்று வையுங்கள். கைப்பழக்கம் உள்ளவர் ஒரு காம்பைக் கிள்ள மூன்று விநாடி எடுத்தாலும் கிலோவுக்கு 50 நிமிடம் ஆகிறது. இருபது கிலோ கூடைக்குப் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். பறிப்புக் கூலிக்கு மேலே இந்தக் கூலியை யார் தருவது? அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூலியை விடுங்கள், கையைப் பாருங்கள். பறிக்கும்போது விரல் பிடிப்பது காம்பை, காய் உடைவதில்லை. கிள்ளும்போதோ பச்சைத் தொப்பியோடு காயின் தலையும் சேர்ந்து பிய்கிறது. இந்த மிளகாயின் காரம் குடியிருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெளிறிய சதையில். அது காம்புக்கு நேர் கீழே தொடங்குகிறது. பிய்ந்த இடத்துச் சாறு நகக்கண்ணில் இறங்கும். முதல் கூடையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் விரல்நுனி காந்தத் தொடங்கும். இரவு வெந்நீர் பட்டால் மறுபடி எரியும். வெறும் தண்ணீரில் அந்தக் காரம் கரையாது. தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு தடவை கழுவினால் கொஞ்சம் அடங்கும். மெல்லிய ரப்பர் கையுறையில் சாறு ஊறி உள்ளே வந்துவிடுகிறது. தடித்த கையுறை போட்டால் இந்தப் பொடிக்காயின் காம்பு பிடிபடாது. இந்த வேலைக்கு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்தக் கையோடு கைக்குழந்தையைத் தூக்க முடியாது, வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்கவும் முடியாது. அறிவிப்பை எழுதியவர் ஒரே ஒரு கிலோவாவது கிள்ளிப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

இத்தனை பாடும் பட்டு வரும் சரக்கு நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. காம்பு இருந்த இடம் திறந்த காயம். அதன் வழியாக ஈரமும் கிருமியும் உள்ளே போகின்றன. விதை கறுக்கும், தலைப்பகுதி குழகுழவென்று ஆகும். கழுவச் சொன்னது இன்னும் மோசம்: தண்ணீர் அந்த ஓட்டைக்குள் தங்கிவிடும். பிறகு பையை இறுகக் கட்டுகிறோம். பறித்த காய் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். பைக்குள் வேர்த்து, அடியில் தண்ணீர் தேங்கும். பனி காய்ந்த பிறகு காம்போடு பறித்து, கழுவாமல், காற்றோட்டமுள்ள கூடையில் 7 முதல் 10 டிகிரியில் வைத்த காய் இரண்டு வாரம் தாங்கும். நீங்கள் கேட்கிற மாதிரி செய்த காய் சில நாளிலேயே நாறுகிறது. உங்கள் குளிரறையோ கீரைக்காக 4 டிகிரியில் ஓடுகிறது. 7-க்குக் கீழே போனால் மிளகாய்த் தோலில் குழி விழும்.

முதலில் காம்புக்குக் கழிவு. காம்பைக் கிள்ளினால் மூன்றாம் நாள் அழுகலுக்குக் கழிவு. இரண்டு பக்கமும் அடிக்கும் இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்களோ, நாளைக்கு வாழைப்பழத்தை உரித்துக் கொண்டுவரச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. விலை ஏறினால் தோட்டக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று ஊரே பேசும்; இறங்கி, பறிப்புக் கூலிக்கே காணாமல் செடியிலேயே பழுத்து உதிரும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. உரம் என்ன விலை, செடி வளர்க்கும் தேங்காய் நார்ப் பை என்ன விலை, இலை சுருண்டால் மருந்துக்கு எவ்வளவு... இதையெல்லாம் இங்கே கொட்டக் கூடாதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உணவகங்கள் காம்பில்லாமல் கேட்கின்றன என்கிறீர்கள். நியாயம். சம்பல் பெலாச்சான் என்னும் மிளகாய்த் துவையல் இடிக்கிற இடத்தில் அன்றைய தேவைக்கு ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டால் காய் கெட நேரமே இல்லை. எங்களிடமே கிள்ளி வாங்கத்தான் வேண்டும் என்றால், அதைத் தனி ரகமாக எழுதி, கிள்ளும் கூலியைத் தனியாகச் சேர்த்து, வந்த அன்றே விற்றுவிடுங்கள். காம்பின் எடைதான் உறுத்துகிறது என்றால், ஒரு கிலோ காயின் காம்பை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். அது எவ்வளவோ அவ்வளவு கழியுங்கள், மறுக்கவில்லை.

எங்கள் சொல்லை நம்ப வேண்டாம். ஒரே தோட்டம், ஒரே நாள் பறிப்பு: ஐந்து கிலோ காம்போடு கூடையில், ஐந்து கிலோ உங்கள் அறிவிப்புப்படி பையில். இரண்டையும் உங்கள் கிடங்கிலேயே வைத்து, நான்காம் நாள் உங்கள் தரம் பிரிப்பவரே திறக்கட்டும். பத்துக் கிலோவும் எங்கள் செலவு.

சில்லி பாடியை ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும்; விட்டால் பழுத்துவிடும். ஆகவே அடுத்த பறிப்புக்கு முன்பாக அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, பழையபடி காம்போடு எடை போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். போன வாரம் கழித்த தொகையையும் அடுத்த பட்டியலில் சேர்த்துக் கொடுத்தால் நன்றி.

இப்படிக்கு,
பேராக் சில்லி பாடி தோட்டக்காரர்களும் பறிப்புத் தொழிலாளர்களும்