'பனம்' செலுத்தும் இடத்தாருக்கு

திருகோணமலையில் பெயர்ப்பலகை எழுதுவிக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். என் அம்மம்மாவின் ஈமக்கிரியையான அந்தியேட்டி போன வாரம் முடிந்தது. வழக்கம்போலக் கல்வெட்டு என்னும் நினைவு மலரும் அச்சிட்டோம். நான்கு பேர் பார்த்துத் திருத்தியும் ஓர் ஒற்றுப் பிழை தப்பிவிட்டது. அவர் இருந்திருந்தால் அதைத் திருத்தும் வரை எங்களைச் சாப்பிட விட்டிருக்க மாட்டார்.

அம்மம்மா பாலக்காட்டுக்காரர். 1952 மார்கழியில் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்குத் தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அம்மப்பாவுக்குப் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை. வந்த மறுநாள் அடுத்த வீட்டில் "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம்" கேட்டாராம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அடைமழையில் முற்றம் முழுக்க வெள்ளம் நிற்க, அந்த வீட்டு அம்மா திகைத்துப்போனார். பிறகு அவரே அரிச்சுவடி வாங்கி வந்து சொல்லிக் கொடுத்தார்.

1957இல் தளம் இலங்கையின் கைக்கு வந்தது, அம்மப்பாவின் வேலை போனது. உலை கொதிக்க வேண்டுமே என்று உவர்மலை வீட்டு விறாந்தையில் அம்மம்மா பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். கற்றுக்கொண்டு ஐந்து ஆண்டுதான் ஆன மொழியில்! "மலையாளத்தி எங்களுக்குத் தமிழ் படிப்பிப்பதா?" என்று கேட்க ஒருவர் வந்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த தையில் அவருடைய மகன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தான். நம்மில் பலர் 'ழ'வை 'ள' என்றுதான் சொல்கிறோம். மலையாளத்தில் அந்த ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு 'பழம்' என்று சொல்ல நாக்கை மடிக்கப் பழக்கியவர் அவர்தான்.

உங்களில் சிலருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 யூலைக்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அதன் பிறகு, எழுபதைக் கடந்த அம்மம்மாவைத் தேடிச் சிங்கள உத்தியோகத்தர்கள் மாலையில் வரத் தொடங்கினார்கள். 247 எழுத்து என்றதும் முகம் வெளிறும். "முப்பதும் ஓர் ஆய்தமும்தான், மிச்சமெல்லாம் கூட்டு" என்பார். 'க'வில்தான் அவர்கள் தடுக்கி விழுவார்கள். சிங்களத்தில் ஒலிக்கு ஓர் எழுத்து, நமக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே 'க'. அம்மம்மா பலகையில் மூன்று சொல் எழுதுவார்: பக்கம், தங்கம், மகன். இரட்டித்தால் வலிக்கும், 'ங்'குக்குப் பின் மெலியும், இரண்டு உயிருக்கு நடுவே மூச்சாகிவிடும். "இடம் பார்த்துக் குரலை மாற்றிக்கொள்ளும், புகுந்த வீட்டு மருமகள் மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் சீ.ஆர். கொப்பி என்கிற கெட்டி அட்டைக் குறிப்பேடு ஒன்று இருந்தது. போன இடமெல்லாம் பெயர்ப்பலகைகளைப் பார்த்து, திகதி, இடம், பிழை, திருத்தம் என்று கோடு போட்டு எழுதி வைத்தார். 'கவணம்'. 'வெளியேரும் வழி'. 'கட்டனம்'. ஓர் அலுவலகத்தில் 'பனம் செலுத்தும் இடம்' என்று கண்டதும் காசாளரிடம் குனிந்து, "பனம்பழமா, பனங்கிழங்கா? எதைச் செலுத்த வேண்டும்?" என்று கேட்டார். வரிசையில் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்தத் தம்பி சிங்களப் பிள்ளை, ஒன்றும் விளங்கவில்லை. ரசீதின் பின்புறத்தில் மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டையும் எழுதிக் காட்டிவிட்டுத்தான் அம்மம்மா வீடு வந்தார். பிறகு மூன்று கடிதம் போட்டார், பதில் இல்லை. பலகை இன்றும் அப்படியே இருக்கிறது.

எழுதிய பெயின்டர்மீது எனக்குக் கோபமில்லை, அவர் கொடுத்ததைப் பார்த்து எழுதினார். நம்மவர் கலியாண அழைப்பிதழ்களையும் கோயில் நோட்டீஸ்களையும் படித்தவனுக்கு உங்களை மட்டும் குற்றம் சொல்ல வாயும் வராது. ஆனால் அழைப்பிதழ் ஒரு நாளில் குப்பைக்குப் போகிறது. உங்கள் பலகை இருபது வருடம் நிற்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தினமும் அதைப் படித்துக்கொண்டு போகிறது. பெயின்ட் வாளியைத் திறக்கும் முன், எழுதப்போகும் வரியை ஒரு கடதாசியில் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே பக்கத்து மேசையில் ஒருவர் இருப்பார். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

கொப்பியின் கடைசிப் பதிவு மருத்துவமனை வார்டில் எழுதியது, கை நடுங்கியிருக்கிறது. "அமைதி பேணவும்" என்ற பலகை. திருத்தம் என்ற இடத்தில் ஒரு சரி அடையாளம் மட்டும் போட்டிருக்கிறார்.

கொப்பியைப் படியெடுத்துத் தருகிறேன். உங்கள் அலுவலகம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடச் சிரமமிருக்காது, இடவாரியாக அட்டவணையும் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு பேரன்