அப்பப்பாவின் வள்ளத்து இலக்கம்

திருகோணமலை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ போனில் அழாத குறையாகச் சொன்னதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். "பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டீங்களா?" என்று அம்மா ஏசினாள். கேட்க மறந்துதான் போனேன்.

உன் ஜாவா புரோகிராமில், தாய் கிளாஸில் (பிள்ளை கிளாஸ்கள் தங்கள் கோடை வாங்கிக்கொள்கிற கிளாஸ்) ஒரு மெத்தடுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்கிற கோட் துண்டுக்கு, மேல் "நிர்வாகி மட்டும்" என்று அனொட்டேஷன், அதாவது கோடில் ஒட்டுகிற குறிப்புச் சீட்டு, இருந்தது. அதுதான் பூட்டு. பிள்ளை கிளாஸில் அந்த மெத்தடை ஓவர்ரைட் (override) செய்தாய், அதாவது அதே பெயரில் உன் விதமாகத் திரும்ப எழுதினாய். பூட்டும் கூடவே வரும் என்று நம்பினாய், வரவில்லை. கோடைச் சோதிக்கிற டெஸ்ட் எழுதியிருந்தபடியால் பிடிபட்டது, நல்ல காலம்.

அப்பப்பாவின் வள்ளம் ஞாபகமா? அணியத்தில் பதிவு இலக்கம் எழுதியிருக்கும். சித்தப்பா அதே வள்ளத்தை ஓட்டிய காலத்தில் இலக்கமும் அதிலேயே இருந்தது. பிறகு அதே அளவில் புதிதாக ஒன்று கட்டினார். அளவு வந்தது, இலக்கம் வரவில்லை. திரும்பப் பதிந்துதான் எழுதினார். ஓவர்ரைட் செய்வதும் புது வள்ளம் கட்டுகிற வேலைதான். செய்யாமல் விட்டிருந்தால் தாயின் மெத்தடே ஓடியிருக்கும், பூட்டும் அதிலேயே இருந்திருக்கும்.

நீ சீ ஷார்ப் மொழியில் பழகினவள். அங்கே அனொட்டேஷனுக்குப் பெயர் அட்ரிபியூட், அது வழமையாகவே பிள்ளை கிளாஸுக்கு இறங்கும். ஜாவாவில் அப்படியில்லை. 2004 இல் ஜாவா 5 உடன் அனொட்டேஷன் வந்தபோதே 'இன்ஹெரிட்டெட்' என்று ஒன்றும் வந்தது. ஒரு அனொட்டேஷனை வரையறுக்கிற இடத்தில் அதைப் போட்டால், கிளாஸின் தலையில் உள்ள அனொட்டேஷன் பிள்ளை கிளாஸுக்கும் போகும். ஆனால் இன்டர்ஃபேஸிலிருந்து (என்னென்ன மெத்தட் இருக்கவேண்டும் என்று சொல்கிற பட்டியல்) வராது, மெத்தடுக்கு உதவவே உதவாது. மெத்தடுக்கான அனொட்டேஷனில் அதைப் போட்டாலும் கோடை மொழிபெயர்க்கிற கம்பைலர் பிழை என்று வாயே திறக்காது. எனக்கு எரிச்சல் வருகிற இடம் அதுதான், நானும் ஒரு தரம் அதில் மாட்டினவன்.

இன்னொன்று. அனொட்டேஷன் வெறும் சீட்டு, வாசிக்கிறவன் எங்கே தேடுகிறான் என்பதுதான் விஷயம். ஸ்பிரிங் என்கிற ஜாவா ஃபிரேம்வர்க்கில் தாய் கிளாஸ், இன்டர்ஃபேஸ் எல்லாம் ஏறித் தேடும் கருவிகள் உண்டு. உங்கள் பூட்டை வாசிக்கிற கோட் அப்படித் தேடுகிறதா என்று பார்.

இன்றைக்கு ஓவர்ரைட் செய்த மெத்தடிலும் அந்த அனொட்டேஷனைத் திரும்ப எழுதிவிடு. ஆறுதலாக, தாயின் மெத்தடை ஓவர்ரைட் செய்ய முடியாதபடி ஃபைனல் ஆக்கிப் பூட்டை அதிலேயே வைத்து, மாறுகிற வேலையை மட்டும் வேறொரு மெத்தடுக்குத் தள்ளு. அப்புறம் யாரும் தெரியாத்தனமாகக் கழற்ற முடியாது.

அம்மா கருவாடு பொதி செய்து வைத்திருக்கிறாள். அங்கே வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்.

அப்பா