செல்விக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி

ஏட்டி செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டதுல இருந்து மனசு ஒரு நிலைல இல்ல. தீபாவளி கழிஞ்சு கர்ப்பப்பைய எடுத்துரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, பயமா இருக்குன்னு சொன்னியே, அந்த குரல் காதுலயே நிக்குது. நானும் வாய்ஸ்லயே சொல்லலாம்னு ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், பாதில தொண்ட அடைச்சுக்கிச்சு, அதான் உக்காந்து டைப் பண்றேன். மெதுவா படி, அண்ணனையும் படிக்க சொல்லு.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மூத்தவன் புனேல வேலைல சேந்துட்டான், சின்னவ பன்னெண்டாவது. செம்பூர்ல எங்க பில்டிங் ரீடெவலப்மெண்ட்டுக்கு போவுது, டிசம்பருக்குள்ள காலி பண்ணனுமாம், வாடகைக்கு வீடு தேடி இவங்க தினமும் அலையுறாங்க. மழை விட்டு அக்டோபர் வெயில் மண்டைய பொளக்குது. சரி, விஷயத்துக்கு வாரேன். ஆபரேஷனுக்கு அப்புறம் வயித்துக்குள்ள உறுப்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அந்த ஒட்டு பத்திதான் சொல்லப்போறேன்.

எனக்கு 2019ல கணபதி சமயத்துல நடந்தத உனக்கு முழுசா சொன்னதே இல்ல. வயித்து வலின்னு மட்டும் சொன்னேன். ரெண்டு சிசேரியன், அதுக்கப்புறம் 2011ல அப்பெண்டிக்ஸ், அதயும் கிழிச்சுதான் எடுத்தாங்க. அதுல இருந்து அடிக்கடி தொப்புளுக்கு கீழ இழுத்து பிடிக்கும். ஸ்கேன் எடுத்தா நார்மல், ரத்த டெஸ்ட் நார்மல், ஒரு டாக்டர் நேராவே மனசுதான் காரணம், யோகா போங்கன்னு சொல்லிட்டாரு. அஞ்சாறு வருஷம் அத நானும் நம்பினேன் செல்வி, அதான் இன்னிக்கும் வேதனை. ஒட்டுன்னு ஒண்ணு உள்ள இருக்கும், அது சாதாரண ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியவே தெரியாதுன்னு யாரும் சொல்லல.

அன்னிக்கு ராத்திரி வலி அலை அலையா வந்துச்சு. பிடிக்கும், விடும், திரும்ப பிடிக்கும். வயிறு பானை மாதிரி உப்பி, பச்சையா வாந்தி, காலைல இருந்து கியாஸ் கூட பிரியல. கியாஸ் ட்ரபுள்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சுகிட்டு விடியுற வரைக்கும் காத்திருந்தேன், அது பெரிய தப்பு. ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் எடுத்துட்டு குடல் அடைச்சிருக்கு, பழைய ஆபரேஷன் ஒட்டுதான் காரணமா இருக்கும்னாங்க. மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துல இருந்தத எல்லாம் வெளிய எடுத்தாங்க, வாய்ல பச்சத்தண்ணி கிடையாது, ட்ரிப் மட்டும். அப்புறம் அதே டியூப்ல கேஸ்ட்ரோகிராஃபின்னு ஒரு மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்துகிட்டே இருந்தாங்க. அது பெருங்குடல் வரைக்கும் போய் சேந்துட்டா அனேகமா கத்தி வைக்க வேண்டாம்னு அர்த்தமாம். மறுநாள் சாயங்காலம் கியாஸ் பிரிஞ்சுது. அந்த நர்ஸ் கைய பிடிச்சுகிட்டு நான் அழுதத இவங்க இப்பவும் சொல்லுவாங்க. அதிர்ஷ்டம்தான், சில பேருக்கு குடல் முறுக்கி ரத்த ஓட்டம் நின்னு உடனே கிழிக்க வேண்டி வரும்.

அப்ப இருந்த சர்ஜன் நல்ல மனுஷன், கட்டில் பக்கத்துல உக்காந்து படம் போட்டு காட்டுனாரு. வயித்துக்குள்ள எல்லாத்தையும் சுத்தி பெரிட்டோனியம்னு வழவழன்னு ஒரு மெல்லிசு தோல் இருக்கு, அதனாலதான் குடல் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கிகிட்டு ஓடுது. அறுக்குறப்ப, கருக்குறப்ப, பஞ்சு வச்சு துடைக்குறப்ப, ஏன் லைட் சூட்டுல காஞ்சா கூட அது புண்ணாகும். புண்ணான எடத்துல ஃபைப்ரின்னு பசை மாதிரி ஒண்ணு ஊறும். ஒடம்பே அத கரைச்சுட்டா பிரச்சனையே இல்ல, கரையலைன்னா அந்த பசைல நாரு வளந்து, ரத்தக்குழாய் கூட ஓடி, குடலயும் வயித்து சுவரையும் சேத்து கட்டிப்போட்டுரும். புது தோல் மூட அஞ்சுல இருந்து ஏழு நாள் ஆகுமாம். அந்த ஒரு வாரத்துலதான் ஒட்டுமா ஒட்டாதாங்கறது முடிவாகுது.

இத நான் ஏன் இவ்வளவு இழுத்து சொல்றேன்னா, ஒட்டு வராம தடுக்குறது முக்கால்வாசி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இருக்கு செல்வி. நீ மயக்கத்துல இருப்ப, அப்ப கேக்க முடியாது. கேக்க வேண்டியது எல்லாம் இப்பவே.

மொதல்ல, வயித்த கிழிச்சு பண்ணுவீங்களா, இல்ல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற லேப்ராஸ்கோபியான்னு கேளு. ஓட்டை போட்டு பண்ணுனா பெரும்பாலும் ஒட்டு கம்மி, காயம் சின்னது. கர்ப்பப்பை கட்டி ரொம்ப பெருசுன்னா முடியாதுன்னு சொல்லலாம், அப்ப அடம் பிடிக்காத, ஆனா ஏன் முடியாதுன்னு கேளு. லேப்ராஸ்கோபில சுத்தமா வராதுன்னும் இல்ல.

அடுத்து, ஒட்டாம இருக்க நடுவுல எதாச்சும் வைப்பீங்களான்னு கேளு. மெல்லிசா படலம் மாதிரி இருக்கு, செப்ராஃபிலிம், இன்டர்சீட்னு பேரு. புண்ணு ஆறுற வரைக்கும் நடுவுல தட்டி மாதிரி நின்னுட்டு தானா கரைஞ்சு போயிரும். இன்டர்சீட் வச்சா ரத்தக்கசிவு துளி இல்லாம நின்னிருக்கணும், இல்லைன்னா அது வேலை செய்யாது. குடல வெட்டி தச்ச எடத்த சுத்தி செப்ராஃபிலிம் போடக்கூடாது, தையல் கசியுற ஆபத்து கூடும். அதனால உனக்கு தேவையா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும். படலம் வச்சாலும் ஒட்டு வரவே வராதுன்னு யாரும் உறுதி தர முடியாது, கொறையும், அவ்வளவுதான். அதவிட முக்கியம் சர்ஜன் கை. மென்மையா தொடுறது, ரத்தத்த உடனுக்குடன் நிறுத்துறது, ஈரம் காய விடாம வச்சிருக்கறது, கடைசில நல்லா கழுவுறது. கிளவுஸ்ல பவுடர் இருக்கக்கூடாது, அந்த மாவு உள்ள கொட்டுனாலே ஒட்டு வளருமாம். அமெரிக்கால 2017 ஜனவரில இருந்து பவுடர் கிளவுஸையே தடை பண்ணிட்டாங்க. உங்க ஆஸ்பத்திரில பவுடர் இல்லாததான்னு கூச்சப்படாம கேளு.

ரொம்ப முக்கியம், உன் பழைய சிசேரியன் பேப்பர். தழும்பு இருக்கற எடத்துல மூத்திரப்பை ஒட்டியிருக்கலாம், குடலும் சுவர்ல ஒட்டியிருக்கலாம், தெரியாம உள்ள போனா அதுல காயம் படும். எந்த வருஷம், என்ன பண்ணுனாங்க, அப்புறம் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா, எல்லாம் டாக்டருக்கு தெரியணும்.

வெளக்கெண்ண போட்டு நீவி விட்டா உள்ள ஒட்டு கரையும்னு உன் மாமியார் சொன்னாங்கன்னியே. அவங்க பாசத்துல சொல்றாங்க, கோவிச்சுக்காத, ஆனா பச்சப்புண்ணு மேல யாரையும் கை வைக்க விடாத. வளந்த ஒட்ட கரைக்க எண்ணெயும் இல்ல, மாத்திரையும் இல்ல. கத்தி வச்சு பிரிச்சு விடலாம், ஆனா அந்த காயத்துலயே திரும்ப ஒட்டலாம், அதான் தொந்தரவு இல்லாம யாரும் அத தொடறதில்ல. மறுநாளே எழுந்து நட, அது ஒட்டுக்கு மருந்துன்னு நான் சொல்லல, ஆனா கால்ல ரத்தம் கட்டாது, கியாஸ் பிரியும்.

ஸ்காட்லாந்துல ஒரு பெரிய ஆராய்ச்சி, 1999ல லேன்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. வயித்துலயோ அடிவயித்துலயோ திறந்து ஆபரேஷன் பண்ணுன 29,790 பேர 10 வருஷம் பாத்துருக்காங்க. மூணுல ஒருத்தர் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒட்டாலயோ, ஒட்டா இருக்கலாம்ங்கற காரணத்தாலயோ, ஒட்டு சிக்கலாக்கக்கூடிய இன்னொரு வயித்து ஆபரேஷனுக்கோதான். ஆனா ஒட்டுதான்னு உறுதியானது அந்த திரும்ப வந்த கணக்குல 5.7 சதவீதம்தான். உன்ன பயமுறுத்த சொல்லல, ஒட்டு இருக்கற நெறைய பேருக்கு வாழ்நாள்ல ஒரு தொந்தரவும் வர்றதில்ல. ஆனா 10 வருஷம் கழிச்சு கூட வரலாம்னு தெரிஞ்சு வச்சுக்க. விட்டு விட்டு வலி, வாந்தி, வயிறு உப்புறது, கியாஸும் மோஷனும் நின்னு போறது, இது சேந்து வந்தா ஓமத்தண்ணி வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி, ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. பழைய ஆபரேஷன் இருக்குன்னு வாசல்லயே சொல்லு. அண்ணனும் இத மனப்பாடம் பண்ணிக்கட்டும்.

தேதி முடிவானதும் சொல்லு, ரயில் டிக்கெட் போடணும், தீபாவளி கூட்டத்துல தட்கல் கூட கிடைக்காது. பத்து நாள் உன்கூட இருப்பேன், சின்னவள இவங்க பாத்துப்பாங்க. அதுக்குள்ள பீரோல தேடி அந்த சிசேரியன் டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோ எடுத்து வாட்ஸாப்ல எனக்கும் அனுப்பு, இல்லைன்னா அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல கேட்டு அண்ணன நாளைக்கே போக சொல்லு.

உன் பாக்கியம்
செம்பூர், மும்பை