அந்த நோட்டுகள் எங்கே மாப்ளே?

லின்ஸ், ஆஸ்திரியா
திங்கள் இரவு

மாப்ளே,

உன் பெண் கல்யாணத்துக்கும் வரவில்லை, வாழ்த்தும் அனுப்பவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன நடையை நீ நடந்திருக்கமாட்டாய், சோம்பேறி.

நேற்று இங்கே எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவோடு மொசார்ட்டின் ஹார்ன் கான்செர்ட்டோ ஒன்று வாசித்தேன், ஊதுகொம்பு முன்னால், ஆர்க்கெஸ்ட்ரா பக்கவாத்தியமாக. நாலும்தான் கேட்டாயிற்றே என்பாய். இது அந்த நாலில் சேராதது. 1781 மார்ச் 16-ல் வியன்னா வந்து இறங்கியவர், 21 என்று தேதி போட்டு இதன் ரோண்டோவை, அதாவது கடைசிப் பகுதியை, எழுதியிருக்கிறார். ஐந்தே நாள்! ஆனால் பக்கவாத்தியங்களை முழுதாக நிரப்பவில்லை. அதிலும் 60 பார் (தாளக் கட்டம்) கொண்ட தாள்கள் காணாமல்போய், இருநூறு வருடம் கழித்துத்தான் அகப்பட்டன. அதுவரை வாசித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத் தாண்டியே போயிருக்கிறார்கள்.

முதல் பகுதியின் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. 1856-ல் அப்பாவின் நூற்றாண்டுக்கு, மகன் கார்ல் தாமஸ் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கத்தரித்துத் துண்டு துண்டாக நினைவுப்பொருளாகக் கொடுத்துவிட்டார். கோயில் பிரசாதம் மாதிரி! கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை போலும். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து, நடுவில் உள்ள பள்ளங்களை அறிஞர்கள் நிரப்பியிருக்கிறார்கள்.

வாசித்தது வால்வு இல்லாத பழைய ஹார்ன். வலது கையை அதன் விரிந்த முனைக்குள் விட்டு மூடித் திறந்துதான் இடைப்பட்ட ஸ்வரங்களைப் பிடிக்க வேண்டும். மூடினால் கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் கேட்கும். மொசார்ட் எழுதியது முடிந்து மற்றவர்கள் நிரப்பியது தொடங்கும் இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தேன். ஒவ்வொரு கோட்டிலும் மூச்சு கனத்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடு வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கமில்லை. பேண்ட் மாஸ்டர் போன பதினாறாம் நாள், அவர் இசை நோட்டுகளை நாம் மூன்று பேரும் பங்கு போட்டோமே, அதுதான் கண்ணுக்குள் நின்றது. பைண்டிங்கைப் பிரித்தது நான்தான். என்னிடம் 14 தாள் இருக்கிறது. அந்த அணிவகுப்பு மார்ச் இசையின் நடுப்பகுதி அதில் இல்லை. உன்னிடமா, குண்டனிடமா?

பரணில் தேடு. பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. குண்டனுக்கு நானே போன் செய்கிறேன்.

உன்
ஊதல்