கையெழுத்து வாங்கு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் கொஞ்சம் குறைவு. சனிக்கிழமை நீ ஃபோனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். குரல் உயர்ந்துவிடும் என்ற பயத்தில் வைத்துவிட்டேன். நீ கோபித்திருப்பாய். ஞாயிறு முழுக்க யோசித்துப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிளம்பிங் அப்பிரன்டிஸ் படிப்பின் இரண்டாம் தர வகுப்புக்குக் கடிதம் வந்தும் இந்த முறை போகப் போவதில்லை என்றாய். எட்டுக் கிழமை சம்பளம் இல்லாமல் இருக்க ஏலாது, ஒருவர் பேஸ்மென்ட் பாத்ரூம் வேலைகள் கைக்காசுக்குத் தருகிறார், ஆறு மாதம் அதைச் செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றாய். "வேலை எனக்குத் தெரியும்தானே அப்பா" என்றும் கேட்டாய். தெரியும். போன நத்தாருக்கு வந்தபோது எங்கள் குசினி சிங்குக்குக் கீழே நீ மாற்றிய பைப்பை நீ போன பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தேன். உன் கை என் கையைவிடச் சுத்தம்.

ஆனால் என் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

1998இல் கனடாவுக்கு வந்து இறங்கி மூன்றாம் மாதமே ஒரு பிளம்பிங் கொந்தராத்துக்காரரிடம் சேர்ந்தேன். முதலில் பைப் சுமப்பது, கொங்கிறீற் உடைப்பது. பிறகு மெல்ல மெல்லச் செம்புப் பைப்பைச் சூடாக்கிப் பற்றவைக்கப் பழகினேன். ஐந்து வருஷத்தில் ஒரு முழு வீட்டுக்கும் சுவருக்குள் போகிற பைப் எல்லாவற்றையும் தனியாகப் போடுவேன். சம்பளம் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கடித உறைக்குள் வரும். என்னை அப்பிரன்டிஸாக, தொழில் பழகுகிறவனாக, அரசாங்கத்தில் பதியுங்கோ என்று கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாப்பம்" என்பார். நானும் விட்டுவிட்டேன். அப்பம்மாவுக்கு மருந்துக்கு அனுப்ப வேண்டும், உன்னையும் அம்மாவையும் கூப்பிட வேண்டும், கையில் காசு வந்துகொண்டிருந்தது. அப்படியே பன்னிரண்டு வருஷம் போய்விட்டது.

2010இல் அந்தக் கம்பனியை மூடினார்கள். அப்போதுதான் பரீட்சை எழுத விசாரித்தேன். அப்பிரன்டிஸாகப் பதியாதவர்கள் அனுபவத்தைக் காட்டிப் பரீட்சைக்குப் போகவும் வழி இருந்தது. என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்று வேலை தந்தவர் எழுதித்தர வேண்டும், அவ்வளவுதான். அவருடைய வீட்டுக்கே போனேன். "உன்ர பேர் என்ர புத்தகத்தில இல்லையே, நான் எப்பிடி எழுதுறது?" என்றார். இருபதாயிரம் மணித்தியாலத்துக்கு மேல் செய்திருப்பேன், தம்பி. காட்ட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் இரவில் கட்டடம் துப்புரவாக்கும் வேலைக்குப் போனேன். பிளம்பிங் அலுத்துவிட்டது என்று உங்களுக்குச் சொன்னேனே, அது உண்மையில்லை.

ஒன்ராறியோவின் கணக்கு என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். பிளம்பருக்கு இலக்கம் 306A, பதிவோ சான்றிதழோ இல்லாமல் செய்யக் கூடாத கட்டாயத் தொழில். மொத்தம் 9,000 மணித்தியாலம். வேலைத்தலத்தில் 8,280, வகுப்பில் 720, அதுவும் 240 வீதம் மூன்று தரம். முடிவில் பரீட்சையில் 70 வீதம் எடுக்க வேண்டும். உன்னிடம் இன்றைக்கு ஐயாயிரத்துச் சொச்சம் மணித்தியாலம் கையெழுத்தோடு இருக்கிறது. எனக்குக் கிடைக்காதது அந்தக் கையெழுத்துத்தான். கைக்காசு வேலையில் ஆறு மாதம் முறிந்தாலும் மணித்தியாலங்களுக்கு முதலாளி கையெழுத்து வைக்கிற உன் லொக்புக்கில் ஒரு வரி கூட ஏறாது. பதிந்த அப்பிரன்டிஸ் தன்பாட்டில் வீடு வீடாய்ப் போய்ச் செய்ய ஒன்ராறியோச் சட்டத்தில் இடமும் இல்லை. பிடிபட்டால் தண்டம் உனக்கு. வேலை தந்தவருக்கு உன் பெயரே ஞாபகம் இருக்காது.

இது வெறும் கடதாசிப் பிரச்சினை என்றுதான் நானும் கனகாலம் நினைத்தேன். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஒன்ராறியோவில் வோக்கர்ட்டன் என்ற ஊரில் குழாய்த் தண்ணீர் குடித்து ஏழு பேர் செத்தார்கள். 2,300 பேர் அளவில் நோயில் விழுந்தார்கள். பெரிய மழைக்கு மாட்டெரு கரைந்து ஊர்க் கிணற்றுக்குள் போயிருந்தது, குளோரினை ஒழுங்காக அளந்து பார்க்கவில்லை. பிறகு நீதிபதி ஓ'கொனரின் விசாரணையில் வந்த ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. அந்த நீர்த்திட்டத்தை நடத்தியவர்களிடம் சான்றிதழ் இருந்தது. ஆனால் அது கனவருஷ அனுபவம் இருக்கிறது என்பதற்காகப் பரீட்சை இல்லாமலே கொடுத்த சான்றிதழ். அவர்களும் வேலை தெரிந்தவர்கள்தான். எந்தப் பம்பை எப்போது போடுவது என்று தெரியும். அந்தத் தண்ணீருக்குள் என்ன வரலாம், வந்தால் என்ன செய்யும் என்பதை ஒருவரும் அவர்களை இருத்திப் படிப்பிக்கவில்லை. நானும் அப்போது அப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். பைப்பைப் பொருத்தத் தெரியும், ஏன் அப்படிப் பொருத்த வேண்டும் என்று தெரியாது.

2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று நோய் வந்தது. கனடாவில் 44 பேர் போனார்கள். ஸ்காபரோவில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே சனம் பயந்தது. அதே நேரம் ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற மாடிக் குடியிருப்பில் மட்டும் 300க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்றி 42 பேர் இறந்தார்கள். பாத்ரூம் தரையில் இருக்கிற வடிகாலின் ட்ராப்புகள், அதாவது தண்ணீர் நின்று கழிவுக் காற்றை மறிக்கிற பைப் வளைவுகள், காய்ந்து கிடந்திருக்கின்றன. தரையைத் துணியால் துடைக்கிற வீடுகள், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை. எக்ஸோஸ்ற் ஃபேனைப் போட்டதும் கழிவுப் பைப்பில் இருந்த காற்று அந்தக் காய்ந்த ட்ராப் வழியாக வீட்டுக்குள் ஏறியிருக்கிறது. அதை வாசித்த இரவு, அதுவரை நான் பேஸ்மென்ட்டுகளில் வைத்த தரை வடிகால்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எத்தனையில் வென்ட், அந்தக் காற்றுப் போக்கிப் பைப், சரியாக இருந்தது? ட்ராப் காயாமல் இருக்கத் தண்ணீர் விடும் ஏற்பாட்டை எத்தனையில் செய்தேன்? எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

உனக்குக் கிடைத்திருக்கிறதும் அதே பேஸ்மென்ட் வேலைதான். பெர்மிட் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் இன்ஸ்பெக்டர் வருவார் என்று. வென்ட்டைக் கூரைவரை கொண்டுபோனால் சுவர் உடைக்க வேண்டும், செலவு கூடும் என்பார்கள். வென்ட் இல்லாவிட்டால் மேல்வீட்டில் ரொய்லற் ஃப்ளஷ் பண்ணும்போது கீழே இருக்கிற ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். ட்ராப்பில் நிற்க வேண்டியது 38 மில்லிமீற்றர் தண்ணீர். அந்த அறையில் நித்திரை கொள்கிற பிள்ளைக்கும் ஊர்க் கழிவெல்லாம் ஓடுகிற குழாய்க்கும் நடுவில் இருக்கிறது அவ்வளவுதான். கூரைக்கு வெளியே போகிற வென்ட் 3 இஞ்சுக்குக் குறையக் கூடாது என்று கட்டட விதிகளில் ஏன் போட்டிருக்கிறது என்றும் எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியாது. குளிர்காலத்தில் உள்ளிருந்து வருகிற ஈரக்காற்று பைப்பின் வாயில் உறைந்து, சின்னப் பைப் என்றால் முழுக்க அடைத்துவிடும். வகுப்புக்குப் போன நீதான் அதை எனக்குச் சொன்னாய், ஞாபகமா? ஒரு பேப்பரில் படம் கீறிக் காட்டினாய். அந்தப் பேப்பர் இப்போதும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

ஹோட் வோட்டர் ராங்கின் காஸ் லைனையும் அப்படியே பார்த்துவிடு என்று கேட்பார்கள். அதற்கு வேறு லைசன்ஸ் வேண்டும் என்று உனக்குத் தெரியும். அதில் மட்டும் கை வைக்கவே கூடாது, ராசா.

ஊரில் அப்பப்பா மலசலகூடக் குழி வெட்டினபோது நான் சின்னப் பொடியன். வளவின் ஒரு மூலையில் கிணறு, குழியை எதிர்மூலைக்குக் கொண்டுபோனார். பக்கத்து வளவுக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடித்த முளையைப் பிடுங்கித் திரும்பவும் தள்ளி அடித்தார். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்புகளுக்குள்ளால் எல்லாம் ஓடிக் கிணற்றுக்குப் போய்விடும். அவரைக் கேட்க அங்கே இன்ஸ்பெக்டர் ஒருவரும் வரவில்லை. அடுத்த வீட்டுச் சனமும் அந்தத் தண்ணீரைத்தான் அள்ளிக் குடித்தது.

இனிக் காசு விஷயம். வகுப்பு நடக்கிற எட்டுக் கிழமையும் வேலைக் காப்புறுதியில் சம்பளத்தின் 55 வீதம் அளவில் வரும். முதல் தரத்துக்குப் போனபோதும் எடுத்தாய்தானே. அது காணாவிட்டால், பிளம்பிங் மாதிரி ரெட் சீல் என்ற நாடளாவிய தரத்துக்குட்பட்ட தொழில் படிக்கிறவர்களுக்கு ஒரு வகுப்புத் தவணைக்கு 4,000 டொலர் வரை அரசாங்கம் வட்டியில்லாமல் கடன் தருகிறது. அதற்கும் விண்ணப்பம் போடு. அதற்கு மேலும் இடிக்கிற வாடகையை நான் தருகிறேன். அம்மாவோடு கதைத்துவிட்டேன். இரண்டு மாதம்தானே, எங்களுக்கு அது பாரமில்லை. என்னிடம் வாங்க வெட்கப்படாதே.

உன் முதலாளி நல்ல மனுஷன் என்று சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு வெள்ளியும் லொக்புக்கை நீட்டு. மாதக் கடைசியில் பார்ப்போம் என்று விட்டுவிடாதே. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு, நான் இங்கே ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

வகுப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எப்போது என்று மட்டும் அறியத் தா. சிவா அங்கிள் அடுத்த கிழமை ஒட்டாவா வருகிறாராம், அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிடுகிறா. நான் வியாழக்கிழமை இரவு ஃபோன் எடுக்கிறேன். சத்தம் போட மாட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா