பாப்பாவுக்கு ஒரு பிரேக் லீவர் அனுப்பியிருக்கிறேன்

ஒட்டன்சத்திரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பெரியப்பா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை நேரில் பேசிக்கொள்வோம்.

போன வாரம் போனில், உன் புது பைக்கை முதல் சர்வீஸுக்கு விட்டாயா என்று கேட்டேன். "ம்" என்றாய். 500 கிலோமீட்டர் அல்லது 45 நாள், எது முதலில் வருகிறதோ அப்போது விட வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன். நின்றே கிடக்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கும், டயரில் காற்றும் இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் உறும விட்டு நிறுத்துவதில் பயனில்லை, ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜ்கூட ஒழுங்காகத் திரும்ப ஏறாது. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட வேண்டும்.

சரி, சுற்றி வளைக்கவில்லை. அப்பார்ட்மென்ட் வாசலில் சிநேகிதிகளோடு நின்று எடுத்த படத்தைக் குரூப்பில் போட்டிருந்தாயே. அம்மா உன் சுடிதாரைப் பார்த்தாள். நான் உனக்குப் பின்னால் கவர் பாதி விலகி நின்ற வண்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பிரேக் லீவரில் நுனிக் குண்டு இல்லை. வலது கண்ணாடி உள்ளே திரும்பியிருக்கிறது. இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் காப்புக் கம்பியில், அதுதான் கிராஷ் கார்டு, வலது வளைவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் போய் வெளுத்திருக்கிறது. தேய்ப்பு கோடாக இழுக்கவில்லை, ஒரே இடத்தில் அமுங்கியிருக்கிறது. ஓடுகிற வண்டி விழுந்தால் கோடு கோடாகப் பின்பக்கம் இழுத்திருக்கும். இது நடை வேகத்தில் வலது பக்கம் சாய்ந்த வண்டி. யூ டர்ன் எடுத்தாயோ, பெட்ரோல் பங்கில் திரும்பினாயோ, நீ சொல்ல வேண்டாம். தம்பியிடமும் நான் கேட்கவில்லை.

சொந்தக் காசில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்தாய். டெலிவரி எடுத்த அன்று கடைக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் அந்தப் படத்தைக் காட்டினேன், பஞ்சர் போட வந்தவர்களைக்கூட விடவில்லை. அப்படிப்பட்ட வண்டியை மூடி வைத்துவிட்டு ஆட்டோவில் ஆபீஸ் போகிறாய். மெக்கானிக் வீட்டில் பிறந்த பிள்ளை, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஏன் விழுந்தது என்பதை முதலில் புரிந்துகொள். உனக்கு ஓட்டத் தெரியாததால் விழவில்லை. ஏழு வருஷம் ஆக்டிவா ஓட்டிய கை உன்னுடையது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். பதறினால் இரண்டு கையையும் இறுக்கினால் போதும், வண்டி நிற்கும், இரண்டு காலும் தரைக்கு வரும். இந்த வண்டியில் இடது கை பிடிப்பது கிளட்ச். இரண்டு கையையும் ஒன்றாக இறுக்கினால் இடது கை இன்ஜின் இழுவையைத் துண்டித்துவிடும், வலது கை முன் சக்கரத்தை நிறுத்திவிடும். ஹேண்டில் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் சக்கரம் நின்றால், பின்னால் வருகிற கனம் நேராகப் போகப் பார்க்கும். வண்டி திரும்பிய பக்கமே குடைசாயும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதே. நடை வேகத்தில் அது குறுக்கே வராது, இந்த விழுகையை அதனால் தடுக்கவும் முடியாது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊரில் யூ டர்ன் என்றாலே வலது பக்கம்தான். பின் பிரேக்கும் வலது காலில்தான். சாய்கிறதே என்று வலது காலைத் தரைக்கு நீட்டிய நொடியில் பின் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது முன் பிரேக் மட்டும், கை அதைத்தான் பிடிக்கும். எனவே மெதுவாகத் திரும்பும்போது வலது கால் பெடலை விட்டு வரக் கூடாது. ஹேண்டில் திரும்பியிருந்தால் முன் பிரேக்கைத் தொடாதே. விரலை லீவர்மேல் வைக்கவே வேண்டாம்.

ஆக்டிவா 105 கிலோ சொச்சம். உன் வண்டி 195 கிலோ. ஸ்கூட்டரை காலால் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுவாய். இதை ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் நானும் பிடிக்க முடியாது. பிடித்தால் இடுப்போ முழங்காலோ போகும். சாயத் தொடங்கிவிட்டால் விட்டுவிடு, காலை விலக்கிக்கொள். லீவர் சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். சாவியை ஆஃப் செய். பெட்ரோல் வாடை வருகிறதா பார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் உன் கை, முழங்கால், கணுக்காலைப் பார். அசைத்துப் பார். தலை தரையில் பட்டிருந்தால் அந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதே. உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை அமுங்கினால் அமுங்கியதுதான், வெளியே கீறல்கூட தெரியாது. முதலில் உன்னைப் பார், அப்புறம்தான் வண்டி.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன், பாப்பா.

நீ காலேஜ் முதல் வருஷம் ஸ்பிளெண்டர் பழகும்போது ஸ்கூல் கிரவுண்டில் விழுந்தாயே. நான் ஓடி வந்து முதலில் தூக்கியது வண்டியை. ஹெட்லைட் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். அத்தனை பையன்கள் முன்னால் உன்னைத் திட்டினேன். உன் முழங்காலில் ரத்தம் வழிந்ததை அம்மாதான் வீட்டில் பார்த்தாள். மறுவாரமே கிளட்ச் வண்டி உனக்கு ஒத்துவராது என்று சொல்லி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். தம்பி நாலு தடவை கீழே போட்டான். அவனுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரவில்லை, பழகிக் கொடுத்தேன். இன்று உன் கை பதறினால் இரண்டு பக்கமும் இறுக்குகிறது என்றால் அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நான்தான். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று மேலே கேட்டிருக்கிறேன். அதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. கேட்டதும் நான், காரணமும் நான். இந்தக் கடிதத்திலும் லீவரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். உனக்கு எங்கே அடிபட்டது? வலி இன்னும் இருக்கிறதா? அதை மட்டும் எனக்கு எழுது, அல்லது போனில் சொல்.

இப்போது தூக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். விழுவதைவிட, விழுந்த வண்டியைத் தூக்க முடியாமல் நாலு பேர் பார்க்க நிற்பதுதான் மனசை உடைக்கும். தனியாகத் தூக்கத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அதனால் ஓட்டுவதற்கு முன்னால் இதைப் பழகு. தம்பியை வரச்சொல். மண் தரையில் சாக்கு விரித்து, இரண்டு பேருமாக வண்டியை வலது பக்கம் மெல்லப் படுக்க வையுங்கள். கிராஷ் கார்டு இருப்பதால் முழுதாகப் படுக்காது, பாதி எழுந்த நிலையில்தான் கிடக்கும். இடது பக்கம் மேலே இருப்பதால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே நீட்டிவிடு. முதல் கியரில் போடு, கியர் விழவில்லை என்றால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்துப் போடு. கியரில் இல்லாத வண்டி, தூக்கும்போது உருண்டு போகும். ஹேண்டிலை வலது பக்கம் முழுதாகத் திருப்பு, வலது கைப்பிடி டேங்கை ஒட்டி வரும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் உன் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்துக் குந்து. ஒரு கையில் அந்தக் கைப்பிடி, மறு கையில் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பி. இரண்டு கையும் நீட்டியபடி இருக்கட்டும், முதுகு வளையக் கூடாது. கையால் இழுக்காதே. காலால் தரையை உந்தி, குட்டிக் குட்டி அடியாகப் பின்னால் நட. வண்டி தானாக எழுந்து வரும். நிமிர்ந்து முடிக்கும்போது வேகம் குறைத்துக்கொள், மறுபக்கம் ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும். இடது பக்கம் விழுந்தால் ஸ்டாண்டு அடியில் மாட்டியிருக்கும், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பிறகு காலால் தள்ள வேண்டும். அதைத் தனியாகச் செய்யாதே, ஆளைக் கூப்பிடு.

தூக்கிய பிறகு உடனே ஸ்டார்ட் பண்ணாதே. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் டப்பென்று திரும்புகிறதா பார். வலது பக்கம் விழுந்த வண்டியில் கைப்பிடி உள்ளே தள்ளி உரசும், திரும்பாமல் நின்றால் ஓட்டவே கூடாது. பிரேக் லீவரைப் பிடித்துப் பார், பஞ்சு மாதிரி அமுங்கினாலும் ஆயில் கசிந்தாலும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போ. பின் பிரேக் பெடல் வளைந்து இன்ஜினில் இடிக்கிறதா, ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா, முன் சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டில் கோணலாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே. விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் இப்போது பல வண்டிகளில் வருகிறது. சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பார்.

ஓட்டிப் பழக அரை டேங்க் பெட்ரோல் போதும். 13 லிட்டரும் நிறைத்தால் பத்து கிலோ மேலே ஏறி நிற்கும். சீட் உயரம் 805 மில்லிமீட்டர், உன் உயரத்துக்கு இரண்டு காலும் நுனியில்தான் படும். அப்படி நிற்காதே. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடது காலை முழுதாக ஊன்று, வலது கால் பெடலில் இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு, மணல் இல்லாத காலி இடம். முதலில் கிளட்ச் மட்டும்: முதல் கியர், ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, கிளட்சை மெல்ல விடு, வண்டி ஒரு அடி நகர்ந்ததும் மறுபடி பிடி. ஐம்பது தடவை. எந்த இடத்தில் பிடிக்கிறது என்று விரல் மனப்பாடம் பண்ண வேண்டும். இது ஆயிலில் ஓடுகிற கிளட்ச், கொஞ்ச நேரம் ஹாஃப் கிளட்சில் வைத்தால் எரிந்துவிடாது. அடுத்து நேர்கோட்டில் நடை வேகம், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி கிளட்சால் வேகத்தைப் பிடித்து இருபது மீட்டர். அதற்கப்புறம் நிறுத்துவது, இருபது தடவை. ஹேண்டிலை நேராக்கிவிட்டு நிறுத்து. நேராக்கிவிட்டு.

அது கைவந்த பிறகு பெரிய வட்டம், பத்து மீட்டர் அகலத்தில். வலது பக்கம் அதிகமாகச் சுற்று, பயம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவாய். வட்டம் சுருங்கச் சுருங்க எட்டு தானாக வரும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இடது கை சோர்ந்தால் கிளட்ச் துள்ளும்.

ஒன்று, முன் பிரேக்கே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதே. ஒருமுறை விழுந்தவர்கள் அதைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள், அது இதைவிட ஆபத்து. நேர்ரோட்டில் வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான். 20, 30, 40 என்று வேகம் கூட்டி, பழத்தைப் பிழிவது மாதிரி படிப்படியாக அழுத்திப் பழகு. திரும்பும்போது மட்டும் தொடாதே.

எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், ஆறு மாதம்தான் செல்லும். டெஸ்டுக்கு முன்னால் காத்திருக்க வேண்டிய 30 நாள் எப்போதோ கழிந்திருக்கும், தேதி போட்டுவிடு. எல் போர்டைக் கழற்றிவிடாதே. இந்த லீவருக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடாதே, கிளெய்ம் போடாதவர்களுக்கு அடுத்த வருஷம் வண்டிச் சேதத்துக்கான ப்ரீமியத்தில் கிடைக்கிற 20 சதவீதத் தள்ளுபடி போய்விடும்.

லீவர் கூரியரில் வருகிறது. ஒரே ஒரு போல்ட், அடியில் நட். பழையதைக் கழற்றியதும் துளையைத் துடைத்துவிட்டு, போல்டில் ஒரு பொட்டு கிரீஸ் தடவிப் போடு. கூடவே சின்ன கிரீஸ் டப்பாவும் வைத்திருக்கிறேன். ரொம்ப முறுக்காதே, லீவர் தானாகத் திரும்பி வர வேண்டும். மாட்டியதும் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா பார். தம்பி மாட்டித் தருகிறேன் என்பான், கொடுக்காதே, நீயே மாட்டு.

ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா? கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடாமல் வண்டிப் பக்கம் வர மாட்டேன்.

அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள், லீவருக்கு அடியில் இருக்கிறது, பார்த்துப் பிரி.

அன்புடன்
அப்பா