தம்பிக்கு, வயர் இணைப்பு விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசியாகக் கதைத்தபோது, விண்டோஸில் இணைப்பு வருகிறது, லினக்ஸுக்குப் போனால் வயர் இணைப்பு வருவதில்லை, சரி செய்துவிட்டு எடுக்கிறேன் என்று சொன்னாய். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. இன்னும் சரிவரவில்லைப் போல என்று நினைத்து, நீ விட்டுப்போன பழைய கொம்பியூட்டரைத் தூசு தட்டி எடுத்தேன். அதிலும் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் இருக்கிறதுதானே. பக்கத்து வீட்டுப் பொடியனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, உனக்கு வந்த அதே பிழையை வரவைத்துப் பார்த்தேன். வந்தது. அதனால் இதை ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் கொம்பியூட்டரின் பின்பக்கம் பார். வயர் கொழுவும் இடத்தில் சின்ன லைட் இருக்கும். விண்டோஸ் ஓடும்போது அது எரிகிறதா, லினக்ஸ் ஓடும்போது அணைந்து கிடக்கிறதா? அப்படியென்றால் வயரிலும் பிழை இல்லை, மோடத்திலும் பிழை இல்லை. இணைப்புத் தருபவர்களுக்குப் போன் எடுத்து நேரத்தை வீணாக்காதே. ஒரே வயர், வயர் கொழுவும் ஒரே நெட்வேர்க் கார்ட், ஒரே மோடம். எது மாறியதோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் வருஷக்கணக்காகச் சொன்னது இதுதான். நீயும் அந்த வாங்கில் இருந்து கேட்டவன்தானே.

காரணத்தைச் சொல்கிறேன். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 10இலும் 11இலும் அது இருக்கிறது. அது போட்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை கெதியாக எழும்புவதற்காகத் தன் உள் நிலையையும், கார்ட் போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. சில நெட்வேர்க் கார்டுகளையும் அப்படியே தூங்கவிட்டுப் போகிறது. பிறகு லினக்ஸ் வந்து எழுப்பினால் கார்ட் எழும்பாது. பிளக் கொழுவியிருக்கும் வரை, அணைத்த கொம்பியூட்டருக்குள்ளும் பவர் சப்ளை 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கார்ட் பழைய நிலையிலேயே கிடக்கும்.

ரீஸ்டார்ட் அப்படியில்லை. முழுதாக அணைந்துதான் திரும்பத் தொடங்கும். ஆகவே விண்டோஸில் ஷட் டவுன் கொடுக்காதே, ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் லினக்ஸைத் தெரிவு செய். இங்கே அப்படிச் செய்தபோது பச்சை லைட் ஒரு தரம் சிமிட்டி, அணைந்து, பிறகு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் மஞ்சள் லைட் துடிக்கத் தொடங்கியது. பொடியன் கை தட்டினான். "அன்ரி, இதை அண்ணாவுக்கு எழுதுங்கோ" என்று அவன்தான் சொன்னான்.

உனக்கும் லைட் எரிந்தால் பிழை அதுதான். பிறகு விண்டோஸில் கண்ட்ரோல் பனலுக்குள் பவர் ஒப்ஷன்ஸ் போ. பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவு செய்கிற பக்கத்தைத் திற. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடு. அது சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்கும். மேலே நீல எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, முதலில் அதை அழுத்த வேண்டும். நான் அந்த வரியைக் காணாமல் கனநேரம் தேடினேன், அதனால்தான் சொல்கிறேன்.

அந்தச் சரி அடையாளத்தை எடுக்கும் வரை விண்டோஸின் டிஸ்கை லினக்ஸிலிருந்து திறந்து எதையும் எழுதாதே. அது தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுதினால் கோப்புகள் பழுதாகலாம். உன் ஆராய்ச்சி முழுக்க அதில்தானே இருக்கிறது? வேறு ஒரு டிஸ்கிலும் பிரதி எடுத்து வை. எடுத்து வைத்தாயா?

லைட் எரிந்தும் இணைப்பு இல்லையென்றால் கொம்பியூட்டருக்குக் கிடைத்த ஐபி விலாசத்தைப் பார். 169.254 என்று தொடங்கினால் மோடம் விலாசம் கொடுக்கவில்லை. கூகிளின் 8.8.8.8 என்ற விலாசத்துக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய், தளத்தின் பெயரைப் போட்டால் போகவில்லையென்றால், பெயரை விலாசமாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் பிழை. இதெல்லாம் உனக்குத் தெரியும். நேரத்தையும் பார்த்துக்கொள். உள்ளே இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் ஊர் நேரமாக எடுக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரமாக எடுக்கும். அதனால் இங்கே நேரம் ஐந்தரை மணி பிழையாகக் காட்டுகிறது. நீ இருக்கும் ஒஸ்லோவில் குளிர்காலத்தில் ஒரு மணி, கோடையில் இரண்டு மணி பிழையாகக் காட்டும். உன் நேரம் எனக்கு எப்போதும் தெரியும். நீ எழும்பும் நேரத்தில் இங்கே நான் மத்தியானச் சமையலில் நிற்பேன்.

அக்கா கேட்டபோது அவனுக்கு இணைப்புச் சரியில்லை என்று சொன்னேன். அப்பாவுக்கும் அதையே சொன்னேன். "போனில் இணைப்பு இருக்கும்தானே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேலணைக் காணிக் கதையை அப்பா அன்றைக்கு அப்படி எடுத்திருக்கக் கூடாது. இனி எடுக்க மாட்டார், நான் சொல்லிவிட்டேன். நீ கையெழுத்துப் போடு, போடாமல் விடு, அது வேறு விஷயம். அதற்காகக் கதைக்காமல் இருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருஷங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். பெரியமாமாவின் கடிதம் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வரும். ஒட்டாத கடிதம், குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம். சுகமாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன் என்று இரண்டு வரி இருக்கும். அம்மம்மா அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைப்பா. பெரியமாமாவும் தாத்தாவோடு கோபித்துக்கொண்டு போனவர்தான். ஆனாலும் எழுதினார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அங்கே தனிய இருந்து இவ்வளவு படித்தது சின்ன விஷயமா? கோயிலில் யார் கேட்டாலும் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். ஆனால் சாப்பிடுகிறாயா? இராத்திரி முழுக்க அந்தத் திரையின் முன்னால் இருக்காதே. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது, அக்காவின் சின்னவன் மரத்தடியை விட்டு வரவில்லை. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

திரும்பவும் சொல்கிறேன், ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட். அதற்கும் எழும்பாவிட்டால் அணைத்து, சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுக் கொழுவு. லைட் எரிந்ததா இல்லையா என்று மட்டும் எழுது. எரியாவிட்டாலும் எழுது, வேறு வழி பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் நிற்பேன், கோயிலுக்குப் பின்னேரம்தான் போவேன். அந்த நேரம் அப்பா சந்தைக்குப் போயிருப்பார்.

அன்புடன்,
அம்மா